ஐந்தாம் வார்த்தைக்காரர்

"ஒன்பது வருஷமா எனக்கு அஞ்சாவதே வருது, அக்கா. ஏழாவது எப்ப வரும்?"

யோவேல் கையில் ஒரு குருத்தோலைச் சிலுவை. அதன் முதுகில் முள்ளால் கீறிய ஐந்து கோடுகள். மனுஷர் மூன்று தடவை எண்ணிவிட்டார். ஓலை மடிப்புக்குள் இன்னும் இரண்டு கோடு ஒளிந்துகொண்டிருக்குமோ என்று பிரித்தும் பார்த்துவிட்டார். இல்லை.

சலோமி அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அக்காவுக்கு யோவேலைவிட எட்டு வயது குறைவு. ஆனால் அந்தச் செம்மண் மேட்டு ஆசிரமத்தில் குரு அவர்தான். எழுபது வயதுக்காரருக்கும் அவர் அக்கா, ஏழு வயதுப் பிள்ளைக்கும் அக்கா.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம். இயேசு சிலுவையில் தொங்கியபோது ஏழு வார்த்தைகள் சொன்னார். பெரிய வெள்ளி அன்று மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, ஏழு பேர் ஆளுக்கொரு வார்த்தையாக எடுத்துப் பேசுவார்கள். யாருக்கு எது என்பதை முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா குருத்தோலையில் கீறிக் கொடுப்பார்.

கொடுப்பது ஆறுதான். ஏழாவதை எப்போதும் அக்காவே பேசுவார். உயிர் பிரிகிற நேரத்து வார்த்தை அது. 'பிதாவே, உம் கைகளில் என் ஆவியை ஒப்படைக்கிறேன்.'

இந்த வருஷம் அக்காவுக்கு மூச்சு இரைத்தது. "ஏழாவதையும் கொடுத்துடப் போறேன்" என்று போன மாதமே சொல்லிவிட்டார்.

கொடுத்தும்விட்டார். தீத்துவுக்கு.

தீத்து வந்து எட்டு மாசம். எட்டே மாசம்! அதற்கு முன் மெல்லிசைக் குழுவோடு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் மிமிக்ரி செய்துகொண்டிருந்தவன். கண்டக்டர் குரல், கலெக்டர் குரல், கன்றுக்குட்டிக் குரல், எது வேண்டுமானாலும் அவன் வாயிலிருந்து வரும்.

"கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அவனுக்கு என்னக்கா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"ஒன்பது வருஷமா எழுதி வச்சிருக்கேன். நாப்பது பக்கம்."

அக்கா காம்பை ஒதுக்கினார். பக்கத்தில் கிடந்த செம்பை எடுத்து யோவேலின் மடியில் வைத்தார்.

"கறுத்துப்போச்சு. புளி போட்டுத் தேய்ச்சுடுங்க."

*

ஐந்தாம் வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்.'

அவ்வளவுதான். ஒரே சொல். மற்றவர்களுக்கெல்லாம் வாய் நிறைய வசனம். யோவேலுக்கு மட்டும் கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துபோகிற வசனம்.

அதோடு விட்டார்களா? அந்த வார்த்தைக்காரர்தான் அன்றைக்குத் தண்ணீர்க்காரர். வியாழன் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் சோறும் தொடுவதில்லை, தண்ணீரும் தொடுவதில்லை. பேச எழுகிறவருக்கு மட்டும் தொண்டை நனைய ஒரு டம்ளர். அதைச் செம்பிலிருந்து ஊற்றிக் கொடுப்பது ஐந்தாம் வார்த்தைக்காரர் வேலை.

அவருக்கு ஊற்ற ஆள் கிடையாது. அவர் காய்ந்த தொண்டையோடு பேசவேண்டும். அது முறை.

கிணற்றடியில் யோவேல் செம்பைத் தேய்த்தார். செம்பு தீத்துவின் முகமாக இருந்தால் எப்படித் தேய்ப்பாரோ அப்படித் தேய்த்தார்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் சிரிப்பு கேட்டது. அக்காவின் சிரிப்பு. இந்த ஒன்பது வருஷத்தில் யோவேல் சொன்னதற்கு அக்கா சிரித்தது இரண்டு தடவை. தேதிகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இவன் வந்ததிலிருந்து தினம் சிரிப்பு. இருமல் வர வரச் சிரிப்பு.

போதாக்குறைக்குச் செவலைப் பசுவும் இப்போது தீத்து போனால்தான் பால் சுரக்கிறது. யோவேல் போனால் காலை உதறுகிறது. மாட்டுக்குமா ஆள் பார்த்துப் பழகத் தெரியும்?

யோவேல் காதைத் தீட்டினார்.

"தண்ணி கேட்டவருக்கு என்னடா கொடுத்தே? காடி! புளிச்சுப்போன திராட்சரசம்! ஒரு கை தண்ணிக்கா உனக்குப் பஞ்சம்? படுபாவிச் சேவகா!"

யோவேலின் பிரசங்கம். யோவேலின் குரல். வருஷா வருஷம் அவர் அந்த ரோமச் சேவகனைத் திட்டுகிற திட்டு. இடையில் அவர் செருமுகிற செருமல்கூட அப்படியே இருந்தது. பேசுவது மட்டும் தீத்து.

செம்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். சிரிப்பு நின்றது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க குரல்தான் எனக்கு வரவே மாட்டேங்குது. அடிவயித்துல இருந்து வருது உங்களுக்கு."

"வராதுடா. அதுக்கு ஒன்பது வருஷம் ஆகும்."

"ஒண்ணு கேக்கணும்ணே. எல்லாருக்கும் நீங்க ஊத்துறீங்க. உங்களுக்கு யாரு ஊத்துவாங்க?"

"யாரும் ஊத்த மாட்டாங்க."

"ஏண்ணே?"

"ஏன்னா அது முறை. எட்டு மாசத்துல எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு யார் இடத்துல உக்காரப்போற?"

தீத்து செம்பைப் பார்த்தான். பார்த்த பார்வை யோவேலுக்குப் பிடிக்கவில்லை.

'ஏழாவதை வாங்கிட்டான். இப்போ செம்பு மேலயும் கண்ணு' என்று நினைத்தார். செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். காலையில் அவருக்கே வேண்டாதிருந்த செம்பு.

*

பெரிய வெள்ளி.

காலையிலிருந்து சிலுவையைத் தூக்கிக்கொண்டு கல்லுப்பாதையில் மேடு முழுக்கச் சுற்றினார்கள். பாட்டு முழுவதும் தீத்து. வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் நிறுத்தவில்லை.

'பாடு ராசா, பாடு' என்று யோவேல் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேர் ஜெபக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை வாசித்தார். பொறாமையால்தான் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்று தீர்ப்புச் சொன்ன பிலாத்துவுக்குத் தெரிந்தே இருந்தது என்கிற இடம் வந்தது.

யோவேல் பலமாகத் தலையாட்டினார். 'இங்கயும் சிலபேருக்கு அந்தப் புத்தி உண்டு' என்று தீத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் வார்த்தை, ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு டம்ளர் குடித்தார். தந்தி வாசித்தார். "மன்னித்தார். உடனே மன்னித்தார். நிபந்தனை இல்லை."

இரண்டாவது, ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்த நர்ஸம்மா. ஒரு டம்ளர். "இன்னைக்கே பரதீசுக்குப் போயிடலாம். பயப்படக் கூடாது. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

மூன்றாவது, தாயைச் சீஷனிடம் ஒப்படைத்த வார்த்தை. சமையல்காரர். ஒரு டம்ளர். குடித்ததெல்லாம் கண்ணீராகவே போயிற்று.

நாலாவது, கணக்கு வாத்தியார். ஒரு டம்ளர். "ஏன் என்னைக் கைவிட்டீர்? ஏன்? எதனால்? காரணம் கூறுக."

ஐந்தாவது.

யோவேல் எழுந்தார். செம்பைக் கீழே வைத்தார். முன்னால் இரண்டடி வைத்திருப்பார், பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

திரும்பினார். தீத்து ஒரு கையில் செம்பும் மறு கையில் நிறைந்த டம்ளருமாக நின்றான்.

"குடிங்கண்ணே."

கூடமே பார்த்தது.

"வை கீழே."

"இல்லண்ணே, உங்களுக்கும்..."

"வை கீழேங்கிறேன். அது என் வேலை."

தீத்து டம்ளர் தண்ணீரைச் செம்பிலேயே கவிழ்த்து, செம்பைக் கீழே வைத்தான்.

யோவேல் பேசினார். அன்றைக்குப் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. சேவகனை வெளுத்து வாங்கினார். "ஒரு கை தண்ணிக்கா உனக்குப் பஞ்சம்? படுபாவிச் சேவகா!" வருஷா வருஷம் இந்த இடத்தில் உத்திரத்திலிருந்து ஒரு பல்லி விழும். இந்த வருஷமும் விழுந்தது.

வந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் காதைக் கடித்தாள். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கடித்தாள்.

"தீத்து மாமா எப்பம்மா?"

*

ஆறாவது, 'முடிந்தது.' அதைப் பேச எழுந்த விவசாயி முடிப்பதாகவே இல்லை.

யோவேல் செம்போடு எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனார். தண்ணீர்க்காரர் போவதை யார் கேட்கப் போகிறார்கள்? வாசலில் செம்பு நிரப்புகிற பானை இருந்தது. பாதிப் பானை தண்ணீர்.

'வெயில் காலம். தண்ணி தீர்ந்துபோகும். யாரு என்ன பண்ண முடியும்?'

பானையைச் சாய்த்தார். செம்பையும் சாய்த்தார். செம்மண் ஒரே மடக்காகக் குடித்தது. அவர் காலடியில் கொஞ்சம் சேறு நின்றது.

உள்ளே வந்து நின்றுகொண்டார்.

மூன்று மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. தீத்து எழுந்தான். நேராக யோவேலிடம் வந்து கையை நீட்டினான்.

யோவேல் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"தீர்ந்துபோச்சு தம்பி."

சாவு வீட்டு வாசலில் நிற்கிற முகம். அவனை அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தீத்து அவரைப் பார்த்தான். பிறகு கீழே தரையைப் பார்த்தான். முன்னால் போய் நின்றான்.

வாயைத் திறந்தான். காற்று வந்தது.

மறுபடி திறந்தான். சைக்கிள் டயரில் முள் ஏறினமாதிரி ஒரு சத்தம்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "இது யாரு குரல்மா?"

அது யார் குரலுமில்லை. கண்டக்டரும் இல்லை, கலெக்டரும் இல்லை. காய்ந்துபோன ஒரு மனுஷத் தொண்டை. அவ்வளவுதான்.

சிரிப்பு அடங்கியது. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தீத்துவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

யோவேலுக்கு நெஞ்சு ஆப்பம்போல் உப்பியது. எட்டு மாசமாகக் காத்திருந்த காட்சி. மெல்ல இடுப்பைத் தடவினார். நாற்பது பக்கமும் பத்திரமாக இருந்தது. உருவி எடுத்தார்.

"பாவம் அக்கா, பிள்ளைக்கு முடியல. பரவாயில்ல. ஏழாவதை நானே பேசிடறேன்."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் பின்வாசலிலிருந்து யோவேல் நிற்கிற இடம் வரை ஈரச் செம்மண் பாதங்கள். ஒவ்வொரு விரலும் தெளிவாக விழுந்திருந்தது.

"பேசுங்கண்ணே. ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"அந்தச் சேவகன் கையில என்ன இருந்துச்சு?"

"காடி." தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

"உங்க கையில?"

யோவேல் பார்த்தார். வலது கையில் நாற்பது பக்கம். இடது கையில் கவிழ்ந்த செம்பு. விளிம்பில் ஒரு சொட்டு தொங்கியது. அவர் பார்க்கும்போதே அதுவும் விழுந்தது.

நாற்பது பக்கமும் கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

கிணறு மேட்டின் அடிவாரத்தில். ஐம்பத்து மூன்று வயது மனுஷர், முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற சத்தம் கூடத்தில் கேட்டது. பிறகு கிணற்று உருளை கிரீச் கிரீச்சென்று கத்துகிற சத்தம்.

மூன்று மணி ஆனது. மணி அடிக்கவேண்டிய தபால்காரர் அடிக்கவில்லை. நாற்பது பேரும் உருளையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யோவேல் வந்தார். வழியில் பாதி சிந்தியிருந்தது. டம்ளரில் ஊற்றி நீட்டினார். நேரே பார்க்க முடியவில்லை.

தீத்து வாங்கினான். பாதி குடித்தான். மீதியை அவரிடமே நீட்டினான்.

"குடிங்கண்ணே."

சொந்தக் குரல். அது இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

யோவேல் இரண்டு கைகளாலும் வாங்கினார். 'பாவிப் பயலே, இதுலயும் முந்திக்கிட்டியே' என்று சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடு சேர்த்து மடமடவென்று குடித்தார்.

அக்கா புத்தகத்தை மூடினார்.

"ஏழும் ஆச்சு. கஞ்சி ஆறுது, வாங்க."