பானக அதிகாரி பார்க்காத நிறம்

ஒரே ஒரு ஊரில், பேரைக் கேட்காதீர்கள், சித்திரை பிறந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கே ஊர்ப்பேர் மறந்துபோகும், அப்படி வெயில் கொளுத்துகிற ஊரில், பூமயில் என்று ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. சோறு வேக நேரமானால் அடுப்பைத் திட்டுவாள், கோழி முட்டையிட நேரமானால் கோழியைத் திட்டுவாள், ஒருத்தரும் அகப்படாவிட்டால் சூரியனைத் திட்டுவாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கோடையில் ஊர்க் கிணறெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, இது ஒன்று மட்டும் ஊறிக்கொண்டே இருக்குமாம். தெருவே வந்து அதில்தான் இறைக்கும். "வாளியை இடிக்காதீங்கடி, கயிறு என்ன உங்க மாமியார் வீட்டுச் சீதனமா?" என்று திட்டுவாள், ஆனால் குடம் நிரம்பாமல் ஒருத்தியையும் அனுப்ப மாட்டாள். கிணற்றுச் சுவரில் சங்குப்பூக் கொடி, பக்கத்தில் பன்னீர் ரோஜா, துளசி, தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் புதினா. எல்லாம் சிந்தின தண்ணீரிலேயே தழைத்தவை.

அந்த ஊர் ராஜாவுக்கு உக்கிரசேனன் என்று பேர். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பங்குனி முடிந்தால் அண்டாத் தண்ணீருக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு "உஸ்ஸ், உஸ்ஸ்" என்று உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் அவருடைய உக்கிரம். ஒரு வருஷம் அண்டாவுக்கே தண்ணீர் இல்லை என்றதும் உத்தரவு போட்டாராம், தண்ணீர் இருக்கிற கிணறெல்லாம் இன்றுமுதல் அரண்மனைக்குச் சொந்தம் என்று. ஜனங்கள் குடிக்க? அதை யோசிக்கத் தனியாக ஒரு மந்திரி இருந்தார், அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

தேடிப் பார்த்தால் தண்ணீர் இருக்கிற கிணறு ஒன்றே ஒன்றுதான். ராஜா பல்லக்கில் ஏறி, தானே வந்து இறங்கினார்.

"யார் கிணறு இது?"

"இறைக்கிறவங்க கிணறு, மகாராஜா. வெயில்ல நின்னு விசாரணை பண்ணாதீங்க. உள்ள வாங்க. செருப்பை வாசல்ல விடுங்க, இப்பத்தான் மெழுகியிருக்கு."

ராஜாவிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே, கழற்றிவிட்டு உள்ளே போனார். பூமயில் ஒரு தம்ளரை நீட்டினாள். ஒரு தம்ளர் குடித்தார், "ஆ" என்றார். இரண்டாம் தம்ளர் குடித்தார், "ஆஆ" என்றார். மூன்றாம் தம்ளர் குடித்தார், தனக்குக் கால் எரிந்ததையே மறந்துபோனார்.

"இது என்னம்மா, தேவாமிர்தமா?"

"எலுமிச்சம்பழச் சாறுதான். கொஞ்சம் பூ, கொஞ்சம் தழை."

"இந்தக் கோடை முடியுறவரைக்கும் தினம் ஒரு கூஜா அரண்மனைக்கு வரணும். வந்தா, கிணறு உன்னோடது."

"தெருவோடது" என்று திருத்தினாள் பூமயில். ராஜா நாலாவது தம்ளரில் இருந்தார், தலையாட்டிவிட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? தினமும் உச்சிவேளைக்கு வெள்ளிக் கூஜா, பட்டுத்துணி போட்டு மூடி, அரண்மனைக்குப் போகும். அங்கே ஆலாலசுந்தரம் என்று ஒருத்தர் இருந்தார், பானக அதிகாரி. என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ராஜா குடிப்பதற்கு முன்னால் "க்ஹும்" என்று கனைக்க வேண்டும். குடிக்கும்போது, ராஜாவுக்குக் கண் பட்டுவிடக் கூடாதே, அதனால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்ள வேண்டும். சபையில் எல்லோரும் மூடிக்கொள்வார்கள், இவர் அதற்குத் தலைவர். குடித்து முடித்ததும் இன்னொரு "க்ஹும்". இதற்கு ஒரு மாளிகை, ஒரு பல்லக்கு, முதுகு சொறிய ஒரு ஆள். எலுமிச்சை மரத்தில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்று கேட்டால், முதுகு சொறிகிறவரைக் கேட்டுச் சொல்வார்.

ராஜா தினமும் "பூமயில், பூமயில்" என்று உருக உருக, ஆலாலசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"க்ஹும். மகாராஜா, அந்தப் பானகம் எங்க தாத்தா ஏட்டில் எழுதிவைத்தது. அந்தம்மா எங்கேயோ கேட்டுத் திருடியிருக்கிறாள்."

"அப்படியா! நீரே செய்வீரா?"

"கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்."

"அப்ப கிணறு?"

"நான் செய்தால் அவள் எதற்கு? கிணறு தங்கள் திருவடிக்குத்தான்."

ராஜா தம் காலைக் குனிந்து பார்த்தார். வறண்ட அண்டாவையும் பார்த்தார். "வெள்ளிக்கிழமை சபையில ரெண்டு பேரும் செய்யுங்க. நீர் ஜெயிச்சா கிணறு எனக்கு. அவ ஜெயிச்சா தெருவுக்கு." தண்டோரா போட்டாச்சு.

ஆலாலசுந்தரத்திடம் ஏடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சமையல்கட்டு எந்தப் பக்கம் என்றே தெரியாத மனுஷன், வேவு பார்க்கக் கிளம்பினார். திங்கட்கிழமை காவி கட்டிக்கொண்டு, சாமியார் வேஷத்தில் பூமயில் வீட்டு வாசலில் நின்றார்.

"க்ஹும். பிட்சை, தாயே."

பூமயில் நிமிர்ந்து பார்த்தாள். தாடி புதுசு, கனைப்பு பழசு. அரண்மனை வாசலில் கூஜா கொடுக்கும்போது தினம் கேட்கிற கனைப்புதானே! ஆனாலும் தெரியாதவள் மாதிரியே பேசினாள்.

"உள்ள வாங்க சாமி. அடுப்பு வேலையா இருக்கேன்." காம்பு கிள்ளின சங்குப்பூ இரண்டு கை, ரோஜா இதழ் ஒரு கை, அடியில் இருக்கிற வெள்ளையைக் கிள்ளிவிட்டு, பாத்திரத்தில் போட்டு, கொதித்த தண்ணீரை மேலே ஊற்றினாள். தண்ணீர் மயில்கழுத்து மாதிரி நீலமாகிவிட்டது. சாமியாருக்கு வாய் பிளந்தது.

"நீலம்! க்ஹும். இதுதான் அந்தப் பானகமா?"

"இன்னும் இருக்கு சாமி. பூவைக் கொதிக்கவிடக் கூடாது, ஊறணும், வடிகட்டணும், உட்காருங்க..."

"தெரியும், தெரியும்!" என்று எழுந்து ஓடியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வளையல் பெட்டியோடு வந்தார்.

"க்ஹும். வளையல், வளையல்."

"வாங்க வளையக்கார அண்ணாச்சி." பூமயில் துளசி நாலு கொத்து, புதினா ஒரு பிடி, அலசின வெட்டிவேர் ஒரு முடிச்சு என்று நீலத் தண்ணீருக்குள் போட்டாள்.

"தழை! வேர்! க்ஹும். அப்படியே கிடக்கணுமா?"

"கிடந்தா கசந்து நாசமாப் போகும். நூறு எண்ணுற நேரம்தான், அப்புறம் எடுத்துடணும். உட்காருங்க, சொல்றேன்..."

"தெரியும், தெரியும்!" ஓடிவிட்டார். வளையல் பெட்டியை மறந்துவிட்டு ஓடினார். தெருப் பெண்களுக்கு ஆளுக்கு அரை டஜன் கிடைத்தது.

எதிர்வீட்டுக் காத்தாயி கை நிறைய வளையலோடு வந்து கேட்டாள். "ஏன்க்கா, அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சும் எல்லாத்தையும் சொல்றியே, உனக்கென்ன கிறுக்கா?"

"நான் மறைச்சாத்தானே அவன் சொல்றது நிஜம்னு ஆகும்? யார் கேட்டாலும் சொல்ற கைப்பக்குவம்டி இது. உட்கார்ந்து கேட்கட்டுமே."

"உட்கார்ந்து கேட்டுட்டான்னா?"

பூமயில் எழுந்து கோழியைத் திட்டப் போய்விட்டாள்.

புதன்கிழமை உடுக்கையோடு, குறிசொல்கிற கோடாங்கியாக வந்தார்.

"க்ஹும். நல்ல காலம் பொறக்குது!"

"பொறக்கட்டும், உட்காருங்க." பூமயில் கற்கண்டைக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, எலுமிச்சம்பழத்தை நறுக்கி, விதையை ஒன்று விடாமல் கத்திமுனையால் எடுத்தாள்.

"எலுமிச்சை! க்ஹும்! இதுதான் கடைசியா?"

"இதுதான் கடைசி. ஆனா இப்ப பிழியக் கூடாது. முழுசா ஆறணும். நான் யாருக்கும் காத்துக்கிடக்கிறவ இல்லை, இதுக்கு மட்டும்தான் காத்துக்கிடப்பேன். ஆறினப்புறம் பிழிஞ்சா என்ன ஆகும் தெரியுமா..."

"தெரியும், தெரியும், தெரியும்!" மூன்று தரம் சொல்லிவிட்டு மூன்றே தாவலில் தெருவைத் தாண்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூமயில் கிணற்றில் வாளியை விட்டாள். கயிறு சரசரவென்று இறங்கி, தண்ணீரைத் தொட்டு, கனத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நாளும் சொல்லித் தொலைத்தோமே, இந்த ஆள் எந்த மகராசியிடமாவது மிச்சத்தைக் கேட்டு வைத்திருந்தால்? நாளைக்கு இந்தத் தண்ணீரில் ராஜாவின் கால் மிதக்கும், காத்தாயி பிள்ளைகள் எங்கே போய்க் குடிக்கும்? அன்றைக்குத்தான் அவள் ஒருத்தரையும் திட்டவில்லையாம். தெருவே பயந்துவிட்டது.

சபை கூடினது. இரண்டு அடுப்பு. பூமயிலுக்கு ஒரு சட்டி, ஒரு வடிகட்டுத் துணி. ஆலாலசுந்தரத்துக்கு ஒரு தங்கக் கொப்பரை, தூக்க ஆறு பேர், விசிற நாலு பேர், "ஆகா" என்று சொல்ல இரண்டு பேர். பழசாகத் தெரிய வேண்டும் என்று மஞ்சள் தடவின ஒரு புது ஏட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"க்ஹும். சபையோரே! எங்கள் தாத்தாவின் பானகம் நீலம்! மகாவிஷ்ணுவின் மேனி நீலம்! தினமும் மகாராஜா பருகுகிற அதே நீலம்!"

"ஆகா" என்றார்கள் இரண்டு பேரும். ராஜாவுக்குப் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் வெயில் பாருங்கள், உயர்ந்த புருவம் அப்படியே இறங்கிவிட்டது.

ஆலாலசுந்தரம் பூவைக் காம்போடு போட்டார், கொதிக்கவிட்டார். தழையைக் கட்டுக்கட்டாகப் போட்டார், கொதிக்கவிட்டார். வேரை மண்ணோடு போட்டார், அதையும் கொதிக்கவிட்டார். கொப்பரை நீலமாகத் தளதளத்தது. இங்கே பூமயில் ஊறவைத்து, வடிகட்டி, தழையைப் போட்டு நூறு எண்ணி எடுத்து, கற்கண்டும் உப்பும் கரைத்து, சட்டியை நிழலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா சும்மா உட்கார்ந்திருக்கே?" என்றார் ராஜா.

"ஆறணும் மகாராஜா."

"அவர் முடிக்கப் போறாரே! எனக்குத் தொண்டை வறளுது. யார் முதல்ல கொடுக்கிறாங்களோ அவங்களுக்கே ஜெயம்னு சொல்லிடட்டுமா?"

தெருப் பெண்கள் எல்லாரும் பூமயிலைப் பார்த்தார்கள்.  அவசர அவசரமாகப் பிழிந்து நீட்டிவிடலாமா என்று அவள் கைகூடப் போனது. போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சூட்டுல பிழிஞ்சா நான் என் சாறுன்னு சொல்ல மாட்டேன் மகாராஜா. கிணறு போனாலும் சரி."

"க்ஹும்! நான் முடித்தேன்!" என்று ஆலாலசுந்தரம் இருபது எலுமிச்சையை விதையும் தோலுமாகக் கசக்கி, கொதிக்கிற கொப்பரைக்குள் போட்டார்.

போட்டாரா? நீலம் கலங்கினது. கலங்கி ஊதாவானது. ஊதா சிவந்து, தாமரை நிறமாகி நின்றது.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு ஆலாலசுந்தரம் இரண்டு முழம் பின்னால் குதித்தார். "சூனியம்! சூனியம்! என் நீலம் போச்சே! இந்தப் பொம்பளை ஏதோ வைத்துவிட்டாள்! மகாராஜா, இந்தப் பாழாய்ப்போன நிறத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை!"

"ஆகா" என்றார்கள் இரண்டு பேரும், பழக்கத்தில்.

 ராஜா மெல்ல எழுந்து வந்து கொப்பரையை எட்டிப் பார்த்தார்.

"ஓய், நான் தினம் குடிக்கிறது இந்த நிறம்தானய்யா."

ஆலாலசுந்தரம் கனைக்கப் பார்த்தார். வரவில்லை.

பூமயில் எழுந்தாள். "பாவம், அவரை ஏன் கேட்கிறீங்க மகாராஜா? தினம் கண்ணை மூடிக்கிட்டு நின்னவருக்கு நிறம் எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்குச் சாமியாரா வந்தார், வளையக்காரரா வந்தார், கோடாங்கியா வந்தார். எலுமிச்சை விழுந்தா நிறம் மாறும்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். 'தெரியும்'னு ஓடிட்டார்."

"தாத்தா ஏட்டுல இது இல்லையாக்கும்?" என்றார் ராஜா. ஏட்டை வாங்கினார். கையெல்லாம் மஞ்சள் ஒட்டினது.

அதற்குள் பூமயில் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. விதை எடுத்த எலுமிச்சையை மெதுவாகப் பிழிந்தாள். அவள் சாறும் தாமரை நிறமாகி, ரோஜா வாசம் சபை முழுக்கப் பரவினது. ராஜா குடித்தார். அன்றைக்கு ஒருத்தர்கூடக் கண்ணை மூடவில்லை. ராஜாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, ஏப்பம்தான் வந்தது.

"எனக்கு முதல்லேயே தெரியும்" என்றார் ராஜா. ராஜாக்களுக்கு எல்லாமே முதலிலேயே தெரியும், சொல்வதுதான் கடைசியில். "கிணறு தெருவோடது. கிணத்து உத்தரவு ரத்து."

"நல்லது. அண்டாவுக்குத் தண்ணி வேணும்னா, வரிசையில குடத்தோட ஆள் அனுப்புங்க" என்றாள் பூமயில்.

"ஆலாலசுந்தரம், உம்ம கொப்பரையில இருக்கிறதை நீரே குடியும்."

ஒரு வாய் குடித்தார், முகம் கோணினது. இரண்டாம் வாய் குடித்தார், தாடை கோணினது. மூன்றாம் வாய் குடித்தார், வேப்பங்கொழுந்தே தேவலை என்று அழுதார். மாளிகை போச்சு, பல்லக்கு போச்சு. அந்தக் கோடை முழுக்க, வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் பூமயில் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுப்பதும், மிச்ச நேரத்தில் எலுமிச்சை விதை எடுப்பதும்தான் அவருக்கு வேலை. ஒரு விதை தப்பினாலும் பூமயில் வருவாள்.

"என்ன அண்ணாச்சி, இது என்ன?"

"வி... விதைங்கம்மா."

"கண்ணைத் திறந்து எடுங்க."

கடைசிவரை உட்கார்ந்து கேட்காதவன் கசப்பைத்தான் குடிப்பான், வேறென்ன. அந்தக் கிணறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது, கதை இங்கே வற்றிவிட்டது. எழுந்திருங்கள், ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள், குடித்த தம்ளரை அவரவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுங்கள்.