டோரன் ஏரிக்குள் தீவு வந்த விதம்

பொய் சொல்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கெஞ்சிக் கூப்பிட எனக்கு நேரமில்லை.

ஊர் ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங். என் தம்பி மகள் செண்பகத்தின் வீட்டுக் கார் ஷெட். வெளியே மழை. இந்த ஊரில் மழை பெய்தால் சொல்ல வேண்டியதில்லை. பெய்யாவிட்டால்தான் சொல்ல வேண்டும்.

செண்பகம் இங்கே நர்ஸ். அவள் புருஷன் ஃபெர்கஸ் இந்த ஊர்க்காரன். தமிழை அவளிடம் படித்தான், பாடப்புத்தகம் மாதிரிப் பேசுவான். அவள் என்னைப் பெரியப்பா என்றால் அவனும் பெரியப்பா. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்கிறார்கள். மறுநாள் சனிக்கிழமை, டோரன் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி. மொத்தம் ஏழெட்டுப் பேர். காட்டில் பிழைக்கிற வித்தை பழகப் போகிறார்களாம். கல்லை உரசித் தீ மூட்டுவது. மரத்தைச் செதுக்கிக் கரண்டி செய்வது. தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே படுப்பது. எங்கள் ஊரில் இதற்கு வறுமை என்று பேர். யாரும் கூட்டம் போட்டுச் செய்ததில்லை.

ஷெட் தரை முழுக்கச் சாமான் பரப்பியிருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று பேச்சு. நடுவில் ஒரு மடக்குக் கட்டில். அதில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு ஸ்டூலில் என் மச்சினன் கோமதிநாயகம். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன். எதையும் நம்பாதவன்.

செண்பகம் சொன்னாள்: "பெரியப்பா, நீங்க மத்தியானம் வாங்க. எங்களோட சாப்பிடுங்க. இருட்டுறதுக்குள்ள இந்த மாமா கார்ல வீட்டுக்குத் திரும்பிருங்க."

"ராத்திரி?"

"ராத்திரி உங்களுக்கு ஒத்துக்காது. குளிரு, முழங்காலு, முதுகு."

"முதுகுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"இருக்கதுனாலதான் அத்தான் வலிக்கி," என்றான் கோமதிநாயகம்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏலா, அந்த ஏரிக்கரையில நான் ராத்திரி தங்கியிருக்கேன்."

"எப்ப?" என்றாள் செண்பகம்.

"நீ பொறக்கல."

"தீ மூட்டுனீங்களா?"

"பெறகு? பெய்யுத மழையில இருட்டுக்குள்ளயா உக்காந்திருப்பேன்? மழைன்னா இந்த மாதிரி இல்ல. ஏரி எங்க முடியுது, மழை எங்க ஆரம்பிக்குதுன்னு மீனுக்கே தெரியல. ஒரு மீனு நீந்திக்கிட்டே வந்து பைன் மரத்து உச்சியில உக்காந்துட்டு. நான் ரெண்டு ஈரக் குச்சிய எடுத்தேன். உரசுனேன். பத்திக்கிட்டு."

ஃபெர்கஸ் கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தான். கத்தியை நிறுத்தினான். "ஈரக் குச்சி பற்றாது, பெரியப்பா. உலர்ந்த மரப்பட்டை வேண்டும்."

"உனக்குப் பட்டை வேணும். நான் குச்சிய ஒரு மொறை மொறச்சேன், போதும். அந்த அனல்ல மேலேர்ந்து வார மழை பாதியிலயே காஞ்சுபோச்சு. தீயச் சுத்தி ஒரு நெற்களம் அகலத்துக்கு வறண்ட தரை. சுத்துவட்டாரத்துப் பொம்பளைங்க எல்லாம் துணிக்கூடையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. பாட்டன் காலத்துலேர்ந்து காயாத போர்வையெல்லாம் அன்னைக்குத்தான் காஞ்சுது."

"சாட்சி?" என்றான் கோமதிநாயகம்.

"போர்வையக் கேளு."

செண்பகம் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த தீப்பெட்டிகளை எடுத்தாள். "அப்ப இது இங்க எதுக்கு," என்று சொல்லிக்கொண்டே பக்கத்துக் கதவு வழியாக வெளியே கொண்டுபோனாள். அந்தப் பக்கம் தோட்டத்துக் கொட்டகை இருக்கிறது. வேண்டாத சாமான் எல்லாம் அதில்தான் போடுவாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து ஒரு வலைத்தொப்பியை எடுத்துக் காட்டினாள். இங்கே மிட்ஜ் என்று ஒரு பூச்சி உண்டு. கடுகை நாலாக வெட்டினால் ஒரு துண்டு, அவ்வளவுதான் உடம்பு. கடி மட்டும் நாய்க்கடி. முகத்துக்கு வலை போடாமல் யாரும் ஏரிப்பக்கம் போக மாட்டார்கள்.

"இத மாட்டிக்கிட்டு உங்களால தூங்க முடியுமா பெரியப்பா?"

"எனக்கு எதுக்கு அது? என்னை ஒரு தடவதான் கடிச்சுது."

"ஒரு தடவையா?"

"அன்னைக்கு உன் பெரியம்மை வெச்ச புளிக்குழம்பு சாப்பிட்டுப் போயிருந்தேன். காரம் ரத்தத்துல நிக்கி. பூச்சிக்கு இது தெரியுமா? கூட்டமா வந்து கடிச்சுது. ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. பெறகு அத்தனை பூச்சியும் சேர்ந்து 'ஸ்ஸ்ஸா'ன்னுது. நேரா ஏரிக்குப் போய் வாய வெச்சுது. குடிச்சுது, குடிச்சுது, விடிய விடிய குடிச்சுது. காலையில பாத்தா ஏரியில சொட்டுத் தண்ணி இல்ல."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. ஏரி வற்றியதற்கு அல்ல. "எங்க அக்கா குழம்புல அவ்வளவு காரம் கெடையாது."

"நீ எங்க கல்யாணத்துக்கு முந்தி சாப்பிட்டவன். அப்ப அவளுக்கு யாரு மேலயும் கோவம் இல்ல."

"இத அக்காட்ட சொல்லவா?"

"சொல்லாத."

ஃபெர்கஸுக்கு வேறு சந்தேகம். "ஏரி மறுபடியும் எவ்வாறு நிறைந்தது?"

"உன் ஊருதானே இது. மத்தியானத்துக்குள்ள நெறஞ்சிட்டு."

அவன் வெளியே மழையைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். தலையை ஆட்டினான். அன்று நான் சொன்னதில் அவன் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.

"அது நெறையறதுக்குள்ள ஏரிக்குள்ளயே நடந்து அக்கரைக்குப் போயி ஒரு கட்டு வெறகு பொறுக்கிட்டு வந்துட்டேன். செருப்புல சேறு ஒட்டல."

"நடந்தேவா?" என்றாள் செண்பகம்.

"பெறகு ஊர்ந்தா?"

அவள் வலைத்தொப்பிகளை அள்ளினாள். ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் கிடந்தது, அதையும் அள்ளினாள். வெளியே போனாள். தரை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டு வந்தது. எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் உண்மையைப் பாதியில் நிறுத்த முடியாது.

அவள் உள்ளே வரும்வரை காத்திருந்து கோமதிநாயகம் தொண்டையைக் கனைத்தான்.

"அத்தான், ஒரு கேள்வி. டோரன் ஏரிக்கு நீங்க பஸ்ஸுதானே ஓட்டுனீங்க?"

"ஓட்டுனேன்."

"ஏரிக்கரையில பஸ்ஸத் திருப்புவீங்க. ஒரு டீ குடிப்பீங்க. வந்த வழியே திரும்பி வருவீங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுல இருப்பீங்க. இதுல எப்ப தங்குனீங்க?"

தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

பஸ் ஓட்டியது வாஸ்தவம். கடைசி நிறுத்தம் அது. வண்டியைத் திருப்புகிற இடத்திலிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரியும். நடுவில் ஒரு தீவு, அதில் மூன்று பைன் மரம். கரையில் எவனாவது தீ மூட்டிச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கையை ஆட்டுவான். நான் கியரைப் போடுவேன். முப்பது வருஷம். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

"பஸ்ஸு பஞ்சராச்சு," என்றேன்.

"எத்தனை டயரு?"

"எல்லா டயரும். ஆணி குத்தல. காத்து. அடிச்ச காத்து, டயருக்குள்ள இருந்த காத்தையும் சேத்து உருவிட்டுப் போயிட்டு. நான் என்ன செய்ய? தங்குனேன். கூடாரம் போட்டேன். அதையும் தூக்கிட்டுப் போயிட்டு."

"உங்களை விட்டுட்டா?"

"என்னைத் தொட அதுக்குப் பயம். கூடாரம் மட்டும் பறந்துது. கடலத் தாண்டி நார்வேயில ஒரு பொம்பளை தோட்டத்துல எறங்கிருக்கு. நல்ல பொம்பளை. தொவைச்சா. கிழிஞ்ச எடத்தத் தச்சா. மடிச்சுத் தபால்ல அனுப்பிட்டா. மறுநாளு தபால்காரன் ஏரிக்கரைக்கே வந்து குடுத்தான்."

"விலாசம்?" என்றான் கோமதிநாயகம். அவன் உதடு துடித்தது.

"'டோரன் ஏரிக்கரையில் நனையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு'ன்னு எழுதியிருந்தா. ஏரிக்கரையில அப்படி வேற யாரு இருக்கா?"

கோமதிநாயகம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். செண்பகம் கூடாரப் பையைத் தூக்கினாள். ஃபெர்கஸ் கரண்டியை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, கேஸ் அடுப்பையும் தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். கேஸ் அடுப்பைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை.

திரும்பி வந்தார்கள். தரையில் ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த கட்டில் மட்டும்தான்.

"எந்திரிங்க பெரியப்பா."

"எதுக்கு?"

"கட்டிலு. மழை தொடாது, பூச்சி கடிக்காது, காத்து பயப்படுது. தரையில படுக்க மாட்டீங்களா?"

என் முதுகு பேசியது. எனக்குத்தான் கேட்டது. கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கட்டிலு எனக்கு இல்ல," என்றேன். "ஏரிக்கு."

"ஏரிக்கா?"

"போன தடவ தரையிலதான் படுத்தேன். நல்ல தூக்கம். நடுவுல ஒருக்களிச்சுப் படுத்தேன். வேற ஒண்ணும் செய்யல, ஒருக்களிச்சேன். மடார்னு ஒரு சத்தம். கரை பிஞ்சுட்டு. நான் படுத்திருந்த எடம் மூணு பைன் மரத்தோட உருண்டு ஏரிக்குள்ள போயிட்டு. ஏரி நடுவுல இப்ப ஒரு தீவு இருக்குல்லா? அது வேற என்னன்னு நெனச்ச?"

ஃபெர்கஸ் மெதுவாகச் சொன்னான்: "என் தாத்தா அந்தத் தீவிலிருந்து மீன் பிடித்திருக்கிறார்."

"தீவு எப்படி வந்துதுன்னு உன் தாத்தாவக் கேட்டியா?"

"இல்லை."

"கேக்கல. பெறகு என்ன? இந்த ஊர்க்காரங்க ஏரிக்குள்ள பூதம் இருக்குன்னு சொல்லுவாங்க. அது புளுகு. நான் புளுக மாட்டேன். தரையில படுன்னா படுக்கேன். காலையில ஸ்காட்லாந்து ரெண்டாக் கெடந்தா என்னைக் கேக்கக் கூடாது."

இதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் நினைத்தேன். கோமதிநாயகம் கண்ணைத் துடைத்தான்.

"நல்லதாப் போச்சு செண்பகம். கட்டிலத் தீவுலயே போட்டிரு. அத்தானுக்குச் சொந்த எடம். நாம கரையில நிம்மதியாத் தூங்கலாம்."

"தீவுக்கு எப்படிப் போக?" என்றேன். "படகு இருக்கா?"

"படகு எதுக்கு? அக்காட்ட சொல்லிப் புளிக்குழம்பு வெச்சுக் குடுத்துவிடுதேன். நீங்க சாப்பிடுங்க. பூச்சி கடிக்கட்டும். ஏரி வத்துனதும் செருப்புல சேறு படாம நடந்து போங்க. மத்தியானத்துக்குள்ள போயிரணும், பாத்துக்கோங்க. நெறஞ்சிரும்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் முதல் தடவை.

எழுந்தேன். செண்பகம் கட்டிலை மடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். காலி ஷெட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். மத்தியானம் போக வேண்டும். சாப்பிட வேண்டும். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். டீ கூடக் கொடுப்பார்கள்.

கட்டிலையாவது கொட்டகையிலிருந்து மீட்டு வரலாம் என்று கதவைத் தாண்டி வெளியே போனேன்.

கொட்டகை பூட்டியிருந்தது. கார் டிக்கி திறந்திருந்தது. உள்ளே தீப்பெட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றி. வலைத்தொப்பி. கூடாரம். தார்ப்பாய். கேஸ் அடுப்பு. அதற்குப் பக்கத்தில் என் அளவுக்கு ஒரு கம்பளிக் காலுறை, ஒரு வெந்நீர்ப்பை. காரின் மேலே ஃபெர்கஸ் ஏறி நின்று என் கட்டிலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னலா இது? யாருக்கு இதெல்லாம்?"

"வேற யாருக்கு பெரியப்பா?" என்றாள் செண்பகம். "ஒரு தீப்பெட்டி போதும்னு இருந்தேன். மீனு மரத்துல ஏறுனதும் நாலாக்கிட்டேன். நீங்க சொல்லச் சொல்லத்தான் உங்களுக்கு என்னென்ன வேணும்னு தெரிஞ்சுது."

"அப்ப ராத்திரி?"

"கட்டிலு பின்ன மத்தியானத்துல படுக்கவா?"

நான் மழையைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சினேன். குளிர். டிக்கியின் ஓரத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டைச் சேர்த்துக் கட்டி, அதில் என் பேரை எழுதியிருந்தாள். பார்த்ததும் எனக்கு மறுபடி குரல் வந்துவிட்டது.

"இது தேவையில்லாத வேலை. எனக்கு ஒண்ணே அதிகம். எதுக்கு ரெண்டு?"

"உங்களுக்கு ஒண்ணுதான் பெரியப்பா," என்றாள் செண்பகம், டிக்கியை மூடிக்கொண்டே. "இன்னொண்ணு தீவுக்கு. நீங்க மறுபடி ஒருக்களிச்சுப் படுத்தா அது எங்க போகும் பாவம்."