நீரிலி ஏன் கை மாற்றுகிறது

“அண்ணா, அவளுக்குக் கை கொடுத்தா என்னை விடணும். தெரியும்ல?” என்று கேட்டான் சிறுகாடி.

பெருங்காடிக்குத் தெரியாமலா? ஆனால் அடுப்பில் கொதிக்கும் அந்தக் குடுவையின் ஓரத்தில், சூடு எட்டாத இடத்தில், சாம்பிராணி ஊசி ஊசியாக உறைந்துகொண்டிருந்தாள். சாம்பிராணிப் பிசினில் பிறந்த அமிலம் அவள். இடுப்பு வரை உறைந்தாயிற்று. முழுக்க உறைந்தால் அந்த ஓரத்திலேயே படிந்துவிடுவாள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அமிலங்கள் பேசும். குடுவை மூடியைக்கூட இழுத்துச் சாத்தும். காடி அண்ணனும் தம்பியும், ஊறுகாயில் ஊற்றுகிற அதே காடிதான், தங்களிடமிருந்த நீரைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடுவில் ஒரே ஆக்சிஜனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நீர் இல்லாத ஜோடி என்பதால் நீரிலி என்று பெயர். அப்போதெல்லாம் நீரிலி கை மாற்றாது. பிடித்தால் பிடித்ததுதான்.

“கொஞ்ச நேரம்தான்” என்றாள் சாம்பிராணி. “என் ஹைட்ரஜனை உங்க தம்பிக்குக் குடுத்துடறேன். அவர் முழு அமிலமா பக்கத்துலயே நிக்கட்டும். உடம்பு இளகினதும் திரும்ப மாத்திக்கலாம்.”

“பேருக்கேத்த யோசனை” என்றான் சிறுகாடி.

உறைகிற நேரத்திலும் அவள் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்கே மனசு கேட்கவில்லை.

“சரிண்ணா, குடு. ஆனா முதல்ல அந்த மூடியை இழுத்துச் சாத்து. தனியா விட்டா நான் லேசு. இந்தக் கொதியில ஆவியாயிடுவேன்.”

“சாத்தறேன்டா.”

அதற்குள் அவள் பேச்சு நின்றது. உறைவு கழுத்துக்கு வந்துவிட்டது. பெருங்காடி கையை நீட்டிவிட்டான்.

அவள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. அவளுடைய ஆக்சிஜனை அவன் பிடித்தான். அவளுடைய ஹைட்ரஜன் தம்பியிடம் போனது. ஊசிகள் கரைந்தன. அவள் பிழைத்தாள், அதில் பொய் இல்லை.

ஆனால் கீழே தீ எரிந்துகொண்டிருந்தது. சிறுகாடியின் கால் தரையில் நிற்கவில்லை.

“அண்ணா, புடி.”

சாம்பிராணி உடனே கையை விடப் பார்த்தாள். விட்டு என்ன செய்வது? மாற்றிப் பிடிக்க எதிரில் ஆள் வேண்டுமே. குடுவையின் வாய் வழியாகப் புளித்த வாசம் ஒன்று வெளியே போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

“நான் கேட்டிருக்கக் கூடாது” என்றாள் அவள்.

“நீ கேட்டதுல தப்பில்ல” என்றான் அவன்.

கரைசலில் நீரிலிகள் ஒரே கையோடு நிற்காமல் போனது அந்த நாளிலிருந்துதான். எந்த அமிலம் பக்கத்தில் வந்தாலும், தம்பியாக இருக்குமோ என்று, இருக்கிற கையை விட்டு அதைப் பிடித்துப் பார்க்கின்றன. இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கின்றன. பெருங்காடியும் அப்படித்தான் அலைந்தான். எத்தனையோ பேருக்குக் கை கொடுத்தான், ஒருவரையும் உறைய விடவில்லை. முதலில் மூடியைச் சாத்து என்று தம்பி சொன்னான். அதை அவன் செய்யவில்லை.