கோதையோட மருந்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு சுடலைவடிவு. வடிவுன்னு கூப்பிடுவாங்க. ஜாக்கெட் தைக்கிறவ. அவ வீட்டுக்காரர் நயினார், லோடு ஆட்டோ ஓட்டுறவர். அவங்களுக்கு ஒரே பொண்ணு, கோதை. ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, முன்பல்லு ரெண்டும் விழுந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுவா. நீ ம் கொட்டிக்கிட்டே வரணும், என்ன? ம் நின்னா கதையும் நின்னுரும்.

ம்.

அந்தக் கோதைக்குச் சின்னதுலயே சக்கரை வந்துருச்சு. மிட்டாய் தின்னு வந்ததில்ல. சில பிள்ளைங்களுக்கு ஒடம்பு அப்படி ஆயிரும். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, இன்சுலின் ஊசி போட்டாத்தான் அவ ஓடலாம், ஆடலாம், பள்ளிக்கூடம் போலாம். அந்த மருந்து இருக்கே, அது வெயில் தாங்காது. ஃப்ரிட்ஜுக்குள்ளதான் இருக்கணும்.

வடிவு வீட்டுல ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருந்துச்சு. ஒரு நாள் அது கொர்ர்ர்ர்னுச்சு. அப்புறம் டொக்குனுச்சு. அப்புறம் ஒண்ணுமே சொல்லல. மெக்கானிக் வந்து பின்னாடி எட்டிப் பாத்துட்டு, இதுல இனிமே ஒண்ணும் செய்ய முடியாது தாயின்னுட்டுப் போயிட்டாரு.

அப்போ பக்கத்து வீட்டு செய்யதம்மா அக்கா, எங்க ஃப்ரிட்ஜ்ல கொண்டாந்து வையி, இதுக்குப் போயி யோசிப்பியான்னாங்க. நல்ல மனுஷி. வடிவும் வச்சா. வேளாவேளைக்குப் போயி எடுத்துட்டு வருவா, ஊசி போடுவா, திரும்பக் கொண்டு போயி வைப்பா. அப்படியே நாள் ஓடுச்சு.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் செய்யதம்மா அக்காவோட அண்ணனுக்கு நெஞ்சுவலின்னு போன் வந்துச்சு. அவங்க குடும்பமே அலறி அடிச்சு வீட்டப் பூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அந்த நேரத்துல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? வடிவு தையல் முடிச்சு வந்து பாத்தா, கதவுல இவ்ளோ பெரிய பூட்டு. மருந்து உள்ள இருக்கு. இப்ப வந்துருவாங்க, இப்ப வந்துருவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. யாரும் வரல. போன் அடிச்சா எடுக்கல. ஊர் மருந்துக்கடையில அந்த மருந்து கெடையாது.

விடிஞ்சப்போ கோதை தண்ணி தண்ணின்னு கேட்டா. அப்புறம் வாந்தி எடுத்தா. அப்புறம் கண்ணு சொருகி அம்மா மடியில சாஞ்சுட்டா. நயினார் லோடு ஆட்டோவ எடுத்தாரு. தடதட தடதடன்னு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஓட்டம்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

பயப்படாத. பிள்ளை பொழச்சுக்கிட்டா. ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏத்தி, மறுநாள் கண்ண முழிச்சு இட்லி கேட்டா. டாக்டரம்மா வடிவைத் தனியா கூப்பிட்டு, திட்டல, பொறுமையாத்தான் சொன்னாங்க. "சொந்தமா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிருங்கம்மா. இந்த மருந்து சூடாகவும் கூடாது, ஒறைஞ்சு போகவும் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் கெட்டுரும்."

வடிவு ஊருக்கு வந்து, சேத்து வச்சிருந்த பணத்த எடுத்து முந்தானையில முடிஞ்சா. நயினாரையும் கோதையையும் கூட்டிக்கிட்டு டவுனுக்குக் கெளம்பிட்டா.

மொதல்ல ஒரு பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ள ஜில்லுனு ஏசி. அங்க ஒரு ஃப்ரிட்ஜ் நின்னுச்சு பாரு, செக்கச்செவேல்னு, கதவு பூரா பூப்போட்டு, மேல ஒரு கதவு கீழ ஒரு கதவு. நயினாருக்கு அதப் பாத்ததும் மூஞ்சி மலந்துருச்சு. அவரோட மச்சான் வீட்டுல அதே மாதிரி ஒண்ணு இருக்கு. கோதை ஓடிப்போயி அந்தப் பூவ எல்லாம் தடவிப் பாத்தா. "அம்மா, இதும்மா."

கடைக்காரப் பொண்ணு ஐஸ் எப்படி விழும், லைட் எப்படி எரியும்னு வரிசையா சொல்லிக்கிட்டே வந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு வடிவு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "கெட்டுப்போனா யாரு வருவா?"

அந்தப் பொண்ணு ஒரு நம்பரக் காட்டுச்சு. அதுல கூப்பிட்டு எழுதி வச்சா வரிசைப்படி வருவாங்களாம். உங்க ஊருன்னா ஒரு வாரம் பத்து நாள் ஆகும்னுச்சு.

வடிவு கோதைய பாத்தா. ஒரு ராத்திரி மருந்து இல்லாம என்ன ஆச்சுன்னு அவளுக்குத்தானே தெரியும்? வேணாம்னுட்டு வெளிய வந்துட்டா. கோதை வெம்பி வெம்பி அழுதா. நயினார் ஆட்டோ கதவ டமால்னு சாத்துனாரு.

அப்புறம் ரெண்டாவது கடை. அங்க எல்லாம் பழசு, புதுப் பெயிண்டு அடிச்சு நிறுத்தியிருந்தாங்க. கடைக்காரர் ஒரு ஃப்ரிட்ஜக் காட்டி, புதுசு தோத்துப்போயிரும்னாரு. வடிவு என்ன செஞ்சா தெரியுமா? அதப் போடச் சொல்லி, ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி நடுத்தட்டுல வச்சா. சாப்பிட்டு வந்து பாக்குறோம்னு சொல்லிட்டு மூணு பேரும் ஓட்டலுக்குப் போனாங்க. மெதுவா சாப்பிட்டு, பஜார்ல மூணு மணி நேரம் சுத்திட்டுத் திரும்பி வந்தா, ஃப்ரிட்ஜ் கடகட கடகடன்னு ஆடிக்கிட்டு நிக்குது. கதவத் தொறந்தா டம்ளர் தண்ணி அப்படியே கல்லு மாதிரி இருக்கு.

"பாத்தியா, என்னமா ஐஸ் கட்டுது" அப்படின்னாரு நயினார்.

வடிவு டம்ளர வெளிய எடுத்தா. நடுத்தட்டுலயே தண்ணி இப்படி ஒறையுதுன்னா மருந்து என்ன ஆகும்? அதுவும் ஒறைஞ்சுருமே. டாக்டரம்மா சொன்னத அவருகிட்ட எடுத்துச் சொன்னா. நயினார் டம்ளர கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் அத அப்படியே கீழ வச்சுட்டு, வா போலாம்னு அவரே மொதல்ல நடந்தாரு.

ம் எங்க?

ம்.

மூணாவது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்னக் கடை. ஏசி இல்ல, ஒரு ஃபேன் மட்டும் கீச் கீச்சுனு சுத்துது. அங்க ஒரு ஒத்தக்கதவு ஃப்ரிட்ஜ். சாம்பல் கலரு. பூவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கடைக்கார அண்ணாச்சி பேரு பொன்னுலிங்கம். வடிவு அதே கேள்விய கேட்டா. "கெட்டுப்போனா யாரு வருவா?"

"எங்க மெக்கானிக் உங்க பக்கத்து ஊருதாம்மா. அன்னைக்கே வந்துருவான்" அப்படின்னாரு அண்ணாச்சி. அதோட, உங்க பக்கம் கரண்டு ஏறி ஏறி எறங்கும், ஸ்டெபிலைசர் போடாம இத ஓட்டாதீங்க, மேல ஐஸ் பெட்டியில எப்பவும் ரெண்டு பாட்டில் தண்ணி ஒறைய விட்டு வைங்க, கரண்டு போனாலும் கதவத் தொறக்காம இருந்தா அந்தக் குளிர் தாங்கும்னாரு.

நல்லாத்தான் பேசுறாரு. ஆனா பேச்ச நம்பி வாங்குறதா? எங்க ஊர்ல யாரு இத வாங்கியிருக்காங்கன்னு கேட்டா வடிவு. பூக்கட்டுற பிச்சம்மான்னாரு.

அன்னைக்கு வாங்கல. நேரா ஊருக்கு வந்து பிச்சம்மா வீட்டுக் கதவத் தட்டுனா. பிச்சம்மா ஃப்ரிட்ஜத் தொறந்தா, அடேயப்பா, மல்லிப்பூ வாசம் குபீர்னு வந்துச்சு. நேத்துக் கட்டுன சரம் இன்னும் வாடாம இருக்கு. வாங்கி வருஷக்கணக்கா ஆச்சாம். கைப்பிடி ஒடஞ்சு போச்சு, நூலப் போட்டுக் கட்டி வச்சிருக்கேன், அது மட்டமான கைப்பிடிதான்னு மறைக்காம சொன்னா பிச்சம்மா. போன கோடையில ஒரு தடவை நின்னுருச்சு, காலையில சொன்னேன், பூ வாடுறதுக்குள்ள மெக்கானிக் வந்துட்டான்னா.

வடிவுக்கு அது போதும். மறுநாளே நயினார் தன்னோட ஆட்டோவுலயே அந்தச் சாம்பல் ஃப்ரிட்ஜ ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. கோதை மட்டும் அதத் திரும்பிக்கூட பாக்கல. மருந்த உள்ள வைக்கிறப்போ வடிவு அவளப் பக்கத்துல கூப்பிட்டா. "இது உன் ஃப்ரிட்ஜ்ட்டி. உன் மருந்து இதுக்குள்ள இருக்கு. நீதான் பாத்துக்கணும்." கோதை யோசிச்சா. அப்புறம் கதவ ஒரு தடவை தொறந்து, மூடி, சரியா மூடுச்சான்னு தள்ளிப் பாத்தா.

அப்புறம் கத்திரி வெயில் வந்துச்சு. ரோட்டுல தார் உருகுது. ஒரு நாள் காலையில தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமார்னு வெடிச்சுருச்சு. தெரு பூரா கரண்டு இல்ல. சாயந்தரம்தான் வரும்னுட்டாங்க.

வடிவு ஓடிப்போயி ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடியிருக்கான்னு பாத்தா. கதவ தொறக்காம இருந்தா குளிர் உள்ளயே நிக்கும்னு அண்ணாச்சி சொன்னத கோதைகிட்ட சொன்னா. அவ்ளோதான். கோதை ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி சப்புனு உக்காந்து, கதவுல முதுகச் சாச்சுக்கிட்டா. அண்ணன் வீட்டுலருந்து திரும்பியிருந்த செய்யதம்மா அக்கா, ஜில்லுனு கொஞ்சம் மோர் கேட்டு வந்தாங்க. விடல. நயினார் வேத்து விறுவிறுத்து வந்து, ஒரு வாய் ஜில் தண்ணி குடும்மான்னாரு.

"கரண்டு வரட்டும்ப்பா" அப்படின்னா கோதை.

அவரு பானைத் தண்ணிய மொண்டு குடிச்சுட்டு, பிள்ளைக்கு விசிறிக்கிட்டே பக்கத்துல உக்காந்துட்டாரு. அவ அப்படியே சாஞ்சு தூங்கிப்போனா.

சாயந்தரம் டப்புனு லைட் எரிஞ்சுது. ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கு குலுங்கி, ம்ம்ம்ம்னு ஓட ஆரம்பிச்சுது. ஊசி நேரமும் வந்துருச்சு. வடிவு பிள்ளைய மெல்ல நகத்திட்டுக் கதவத் தொறந்தா. ஐஸ் பெட்டியில பாட்டில் பாதி ஒறைஞ்சே இருந்துச்சு. மருந்துப் பாட்டில எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாத்தா.

ஜில்லுனு இருந்துச்சு.

நயினார் கையிலயும் குடுத்தா. அவரு அத உள்ளங்கையில ஏந்திக்கிட்டு, "நல்லதத்தான் பாத்து எடுத்திருக்க, வடிவு" அப்படின்னாரு.

அப்புறம் கோதை எந்திரிச்சா, ஊசி போட்டுக்கிட்டா, மூணு இட்லி சாப்பிட்டா, தெருவுல இறங்கி ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்து படுத்தா.

ம்...

கோதையும் தூங்கியாச்சு, அவங்க அம்மாவும் கவலையில்லாம தூங்கியாச்சு. கதைக்கும் கண்ணு சொக்குது. நீயும் மூடிக்கோ, தங்கம்.