தவில்காரரின் பட்டு வேட்டி

தவில்காரர் சிங்காரத்திடம் இருந்தது ஒரே பட்டு வேட்டி. அது இல்லாவிட்டால் கல்யாண மேளத்துக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதைச் சலவைக் கடை முதலாளி தெய்வநாயகம் தொலைத்துவிட்டார். ஈடு கேட்டபோது, "பழசுதானேய்யா. உன் இடுப்பை எவன் பார்க்கப் போறான்?" என்று விரட்டினார்.

அடுத்த வாரம் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். முன்பே பேசி வைத்தபடி சிங்காரம்தான் தவில். ஒட்டுப்போட்ட கைலியில், சலவைச் சீட்டை நெஞ்சில் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சம்பந்தி குனிந்து சீட்டைப் படித்தார்.

"என்னய்யா கோலம் இது?" என்று பல்லைக் கடித்தார் தெய்வநாயகம்.

"எவன் பார்க்கப் போறான்னு நீங்கதானே சொன்னீங்க, முதலாளி."

தாலி கட்டும்போது சிங்காரம் முதலாளியின் புதுப் பட்டு வேட்டியில் வாசித்தார். முதலாளி கட்டியிருந்தது, அவசரத்துக்குக் கடையிலிருந்து எடுத்துவந்த, யாரோ சலவைக்குப் போட்ட வேட்டி. கூட்டத்தில் ஒருவர் அதன் கரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.