ஹார்மோன் ஊற்றாத தட்டு

“இவன் வேலையை விட்டுப் போகணும். இல்லேன்னா நான் போறேன்.”

மரகதம் புகார்க் கடிதத்தை மேசைமேல் அறைந்தாள். பக்கத்திலேயே இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் வைத்தாள்.

மரகதத்துக்கு நாற்பத்தேழு வயது. ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். அவளுடைய வழிகாட்டி ஷமீமா அவளைவிடப் பத்து வயது இளையவள்.

ஆய்வு இதுதான். காயம்பட்ட இடத்துக்கு ஓடிவரும் வெள்ளை அணுக்கள் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அது சிதைந்த நார்களை அரித்தெடுத்துப் புதுச் சதைக்கு இடம் விடுகிறது. கோபத்திலோ பயத்திலோ உடம்பு பதறும்போது ஊறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அந்த நொதியை அடக்கிவிடுகிறது. எவ்வளவு அடக்குகிறது?

ஒரு தட்டில் அணுக்களோடு ஹார்மோன் ஊற்ற வேண்டும். மற்றதில் ஊற்றக் கூடாது. ஊற்றாத தட்டில் நொதி பெருக வேண்டும்.

பெருகவில்லை. மூன்று முறையும்.

“இதப் பாருங்க மேடம்.” மரகதம் இரண்டு தட்டின் நொதியையும் சோதித்த நீலச் சாய ஜெல்லைத் தூக்கிக் காட்டினாள். “நொதி தின்ன இடம் வெள்ளையாத் தெரியணும். தெரியுதா? ரெண்டு தட்டும் ஒரே லட்சணம். ஊத்தாத தட்டுலயும் இந்த லூர்து ஊத்தித் தொலைச்சிருக்கான்!”

ஆய்வக உதவியாளன் லூர்துராஜ் வாசலில் நின்றான். ஒப்பந்த வேலை. அந்தக் கடிதத்தில் ஷமீமாவின் கையெழுத்து விழுந்தால் நாளை முதல் அவன் வரவேண்டியதில்லை.

“நான் ஊத்தல மேடம்.”

“அப்போ ஹார்மோன் என்ன, ஆகாயத்துலேர்ந்து குதிச்சுதா?”

ஷமீமா பேனாவை மூடினாள்.

“யாரோட ரத்தத்துலேர்ந்து எடுத்த அணுக்கள், அக்கா?”

“என்னோடதுதான். மூணு தடவையும். நோய்நொடி இல்லாத உடம்பு. அனுமதியும் வாங்கியாச்சு.”

“ரத்தம் எடுத்தது?”

“நான்தான் மேடம்” என்றான் லூர்துராஜ்.

“எப்படி இருந்தாங்க?”

அவன் மரகதத்தை ஓரக்கண்ணால் பார்த்தான்.

“முதல் தடவை பிரின்சிபாலோட சண்டை போட்டுட்டு நேரா வந்தாங்க. லீவு தரலைன்னு. கையை ஆட்டி ஆட்டிப் பேசினதுல நரம்பே பிடிபடல. ரெண்டாவது தடவை, முதல் ரிசல்ட் கெட்டுப்போச்சுன்னு என்னைத் திட்டிக்கிட்டே கையை நீட்டினாங்க.”

“மூணாவது?”

“எருமைன்னாங்க.”

“எருமைதானே நீ!” என்று சீறினாள் மரகதம்.

ஷமீமா எழுந்து வந்தாள். மரகதத்தின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் போயிற்று.

“நூத்திப் பதினாறு.”

“அதுக்கென்ன இப்போ?”

ஷமீமா பிடித்த கையை அப்படியே கொண்டுபோய், ஹார்மோன் ஊற்றாத தட்டின் மூடிமேல் வைத்தாள்.

மரகதம் கையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது.

கோபம் போய்விடவில்லை. போக இடம் தெரியாமல் நின்றது.

அவள் கடிதத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

“சரி, என் ரத்தம் வேண்டாம்.” லூர்துராஜின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “இவனோடத எடுங்க. இப்பவே எடுங்க.”

லூர்துராஜ் சட்டைக் கையை மடிக்கவில்லை.

“நீங்க பேசின பேச்சுக்கு, என் ரத்தம் மட்டும் ஆறியா கிடக்கும்?”