நாற்பத்தேழு தேர்வு எண்கள்

மூளைக்கு வேலை கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தக் கதையில் வழி சொல்லும் மூவருமே நல்லவர்கள். அதனால்தான் விடை சொல்வது கஷ்டம்.

திருமங்கலத்தில் ஒரு மாடியில் தனியார் செவிலி உதவியாளர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. அந்த வருஷம் நாற்பத்தேழு பெண்கள் அங்கே படித்துத் தேறினார்கள். ஒரு நாள் காலை துறை ஆய்வாளர் சிதம்பரநாதன் ஒரு படிவத்தோடு வந்து இறங்கினார். நாற்பத்தேழு தேர்வு எண்களும் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பெயர், செல்போன், வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம், சாதி என்று இருபத்திரண்டு கட்டங்கள். பிறந்த நேரத்தை ஏனோ கேட்கவில்லை! பின்னால் அரசாணையின் நகல் ஒன்றும் குத்தியிருந்தது. படிவம் வந்தால் நிரப்புவோமே தவிர, பின்னால் குத்தியிருப்பதை யார் படிக்கிறோம்?

"மத்தியானத்துக்குள்ள நிரப்பிக் குடுத்துருங்க. இல்லேன்னா அங்கீகாரம் போயிரும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே முதல்வர், எழுத்தர், ஆசிரியை மூவருக்கும் முகம் வெளுத்தது. காரணம் தவமணி. அடித்து உதைத்த கணவனிடமிருந்து தப்பி வந்து இங்கே படித்தவள். இப்போது வேறோர் ஊர் மருத்துவமனையில் நிம்மதியாக வேலை பார்க்கிறாள். அவள் எங்கே என்று அந்தக் குடும்பமே தேடிக்கொண்டிருக்கிறது. கணவனின் அண்ணன் ஆய்வாளரின் அலுவலகத்தில் தட்டச்சர். பட்டியல் நேரே அவன் கைக்குத்தான் போகும்.

"தவமணி வரிய மட்டும் காலியா விட்டுருவோம். மத்ததெல்லாம் குடுத்துருவோம்" என்றார் முதல்வர் பிலோமினா.

"காலியா விட்டா கேப்பாங்க மேடம். எங்க மச்சான் வீட்டு அட்ரஸப் போட்டுர்றேன். யாரு வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார் எழுத்தர் சங்கிலிமுத்து.

ஆசிரியை ஜெய்துன் படிவத்தைத் திருப்பி அரசாணையைப் படித்தார். கல்லூரி தர வேண்டியவை மூன்றே மூன்று: சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர். பெயரைக் கேட்கும் வரி எங்குமே இல்லை.

"யாரு பேரும் குடுக்க வேணாம் மேடம். எண்ணிக்கைய மட்டும் எழுதுவோம். மத்த கட்டத்த எந்தச் சட்டத்துல போட்டாங்கன்னு எழுத்துல கேப்போம்."

"காலேஜ இழுத்து மூடிருவாங்க டீச்சர்!" என்று பதறினார் சங்கிலிமுத்து.

"மூடுறதுக்கும் சட்டம் வேணும்ல?"

மூவரும் காப்பாற்ற நினைத்தது ஒரே பெண்ணைத்தான். சொல்லுங்கள், இவர்களில் யார் வழி சரி?

விடை: ஜெய்துன் வழிதான். நாற்பத்தாறு வரி நிறைந்து ஒரு வரி மட்டும் காலியாக இருந்தால், அந்தக் காலி வரியில் அச்சாகியிருக்கும் தேர்வு எண்ணே போதும், தேடுகிறவன் அவள் இங்கே படித்ததைக் கண்டுபிடிக்க. பொய் முகவரியோ அடிக்கிறவனை மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தும். பொய் எழுதியதற்காகக் கல்லூரிமேல் நடவடிக்கையும் வரும். எல்லோரும் மறைந்தால்தான் ஒருத்தி மறைய முடியும். அதோடு, மற்ற நாற்பத்தாறு பேரில் இன்னொரு தவமணி இல்லையென்று யாருக்குத் தெரியும்?

மூன்று எண்கள் எழுதிய ஒற்றைத் தாளைப் பார்த்த ஆய்வாளர் மிரட்டலை விட்டுக் கெஞ்சலுக்கு இறங்கினார். "மாதிரிக்கு ஒரு பேராவது குடுங்கம்மா."

"என் பேர எழுதிக்கங்க சார். ஜெய்துன். தரமாட்டேன்னு சொன்னது நான்தான்."